மஞ்சள் வட்டம்

கால்பந்து கிளப்பில் என் வேலை ஆட்டத்தைப் படம் பிடித்து, வெட்டிக் கொடுப்பது. முன்பெல்லாம் கோச்சுக்காக வெட்டுவேன். எதிரணியின் பின்வரிசை எங்கே ஓட்டை விடுகிறது, அவர்களுடைய கோல்கீப்பர் எந்தப் பக்கம் முதலில் சாய்கிறான், இதெல்லாம்தான் என் சரக்கு. வீரர்கள் நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். வலிக்குத் தடவுகிற தைலமும் ஈரக் காலுறையும் சேர்ந்து அறை நாறும். அது உழைத்த நாற்றம். பிறகு வந்த நாற்றத்துக்கு ஜன்னலைத் திறந்தாலும் பயன் இல்லாமல் போயிற்று.

பிறகு வந்தவர் விளையாட்டு இயக்குநர். அவருக்குத் தராசு என்று பெயர் வைத்தது நான்தான். மனிதர் யாரையும் முகத்தில் ஆரம்பித்துப் பார்க்க மாட்டார். பாதத்தில் ஆரம்பித்து, கெண்டைக்காலில் கொஞ்சம் நின்று, தொடைக்கு வந்து, கடைசியில் போனால் போகிறது என்று முகத்துக்கு வருவார். அவர் பேசி முடித்துவிட்டுப் போனபின் நம் காலை நாமே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

வந்த முதல் வாரமே எல்லோரையும் உட்கார வைத்துக் கொள்கை விளக்கம் கொடுத்தார்.

"நாம கோப்பை ஜெயிக்கிற கிளப் இல்ல. முதல்ல அதை மனசுல வாங்கிக்கோங்க. நாம ஆளை வளர்க்கிற கிளப். சின்ன வயசுல வாங்கணும், தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கணும், விலை ஏறினதும் வித்துடணும். அந்தக் காசுல இன்னும் நாலு பேரை வாங்கணும். புரியுதா?"

"அப்ப ஆட்டம்?" என்று கேட்டார் கோச்.

"ஆட்டம்தான் சார் கண்ணாடி அலமாரி. அதுல வெச்சாத்தானே வாங்க வர்றவன் கண்ணுல படும்?"

பின்வரிசையிலிருந்து எங்கள் கேப்டன் சிரித்துக்கொண்டே கேட்டார், "முப்பது தாண்டினவங்களை யார் சார் வாங்குவாங்க?"

"யாரும் வாங்க மாட்டாங்க. அதெல்லாம் சாப்பிட்டு முடிச்ச தட்டு."

பாதிப் பேர் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கேப்டன் என் அக்காவின் கணவர். முப்பதைத் தாண்டி நாலு வருஷம் ஆகியிருந்தது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்பீர்கள். தராசு வருவதற்கு முன்னால் எங்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வந்ததில்லை. அரங்கத்தின் கூரை ஒழுகும். மழை நாளில் நான் கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நனைவேன். அவர் இரண்டு பேரை விற்றார், கூரை வந்தது. இன்னொருவனை விற்றார், சம்பளம் தேதி தவறாமல் வந்தது. அதனால்தான் ஒருவர் வாயும் திறக்கவில்லை. வயிறு நிறைந்திருந்தால் குமட்டலைக்கூட அடக்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்படி விற்று விற்றே வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வருஷத்தில், யாரும் கேட்காமலே எங்கள் அணி ஜெயிக்க ஆரம்பித்தது. அதுதான் வேடிக்கை. கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது, தோற்காமல் இருந்தால் போதும், மேல் பிரிவுக்குப் போய்விடலாம் என்ற நிலைமை. கிளப் பிறந்ததிலிருந்து நாங்கள் அந்தப் பிரிவின் வாசல்படியை மிதித்ததில்லை.

அத்தானும் மிதித்ததில்லை. பால்யத்திலிருந்து கீழ்ப் பிரிவிலேயே நடுப் பின்வரிசையில் நின்று, வருகிற பந்துக்கெல்லாம் தலையையும் காலையும் கொடுத்தவர். காலையில் இரண்டு முட்டியிலும் கட்டுப் போட்டுக்கொண்டுதான் மாடியிலிருந்து இறங்குவார், அதுவும் பக்கவாட்டில், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. அவருடைய ஒப்பந்தம் அந்த ஆட்டத்தோடு முடிகிறது. பழைய நிர்வாகம் எழுதிய ஒப்பந்தம் அது. அணி மேலே போனால் தானாகவே இன்னொரு வருஷம் நீளும் என்று அதில் இருந்தது. போகாவிட்டால் தராசு கூப்பிட்டுப் பேசப் போவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் புது நாடா கோத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு வருஷம்" என்றார் அக்காவிடம். "அந்தப் பெரிய மைதானத்துல எல்லாம் ஒரு தடவை காலை வெச்சுட்டு வந்துடறேன். அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்."

"இத்தனை வருஷமா என்ன சொல்லி எதைக் கேட்டீங்க?" என்றாள் அக்கா. "அந்த முட்டியை வெச்சுக்கிட்டு அங்க போய் என்ன பண்ணப் போறீங்க? பெரிய மைதானத்துல பெருக்கவா?"

"பெருக்கச் சொன்னாலும் பெருக்குவேன்" என்றார் அத்தான். அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு, திரும்பி நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் அந்த ஒரு வருஷம் வேண்டும். அவருக்கு வேண்டும் என்பதாலேயே அவளுக்கும் வேண்டும்.

இனி சிட்டு. இடது ஓரத்தில் ஓடுகிறவன், இருபது வயது. சிட்டுக்குருவி மாதிரி ஓர் இடத்தில் நிற்க மாட்டான் என்பதால் அந்தப் பெயர். அந்த வருஷம் நாங்கள் ஜெயித்ததில் பாதி அவன் காலால் வந்தது. ஒரு பெரிய கிளப் அவனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, கையெழுத்துதான் பாக்கி.

அதில்தான் தராசுக்கு ஒரு தர்மசங்கடம். சிட்டுவை வெளியே உட்கார வைத்தால், காயமோ என்று வாங்குகிறவர்களுக்குச் சந்தேகம் வரும். ஆட விட்டால், உண்மையிலேயே காயம் பட்டுவிட்டால்? மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையில் வந்தபோது அந்த வழியை என் காதாலேயே கேட்டேன். சுவரோரம் சிட்டு, அவனுக்கு இந்தப் பக்கம் தராசு, அந்தப் பக்கம் அவனுடைய ஏஜென்ட். கல்யாண மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்கிற மாதிரி இரண்டு பேரும் அவன் தோளில் ஆளுக்கொரு கை வைத்திருந்தார்கள்.

"ஓடு, நல்லா ஓடு. பந்து தனியா வந்தா எடு" என்றார் தராசு. "ஆனா இன்னொருத்தன் காலும் வருதுன்னா உன் காலை உள்ள விடாதே. இழுத்துக்கோ."

"கோல் போற மாதிரி இருந்தா?" என்றான் சிட்டு.

"அதைப் பார்த்துக்க மத்தவங்க இருக்காங்க. அந்தக் கால் உன்னுதுன்னு நினைச்சியா? இன்னிக்கு ராத்திரி வரைக்கும் என்னுது. அப்புறம் அவங்களுது."

ஏஜென்ட் பல்லைக் காட்டினான். சிட்டு தன் காலையே பார்த்துக்கொண்டு தலையாட்டினான். எனக்கு அந்த இடத்திலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. நடைபாதையில் புதிதாகக் கம்பளம் போட்டிருந்தார்கள். யாரை விற்று வாங்கியதோ, தெரியவில்லை.

ஆட்டம் முழுவதும் அரங்கத்தில் யாரும் உட்காரவே இல்லை. ஆளுக்கொரு கோல். அப்படியே முடிந்தால் நாங்கள் மேலே. நான் உயரத்தில், இரும்புக் கோபுரத்தின் மேல் கேமராவோடு. அத்தான் கத்துகிற கத்தல் அங்கே வரை கேட்டது. இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவர் மாதிரி ஆடவில்லை அவர். இருபது வயதுக்காரனைப் போல எகிறினார். கோபுரத்தில் நான் ஒருத்தன் தனியாக நின்று, வாய்விட்டு, "விடாதீங்க அத்தான், விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எதிரணியின் பின்வரிசைக்காரன் ஒருவன் எங்கள் இடது ஓரமாக ஏறி வந்தான். பந்து காலிலிருந்து சற்றே விலகி உருண்டது. சிட்டுதான் பக்கத்தில் இருந்தான். ஒரு எட்டு வைத்து, காலை நீட்டி வெளியே தட்டிவிட்டிருந்தால் அதோடு முடிந்தது. சிட்டு எட்டு வைத்தான். காலும் நீண்டது. எதிராளியின் கால் வருவதைப் பார்த்ததும், சூடான பாத்திரத்தைத் தொட்டவன் கையை எடுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டான்.

அந்த ஆள் பந்தை உள்ளே கொண்டுபோய் அடித்தான். குறுக்கே யாரும் இல்லை. எங்கிருந்தோ அத்தான் வந்து விழுந்தார். உடம்பு ஒரு பக்கம் போக, முட்டிக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பி நின்றது. பந்து அவருடைய பூட்ஸுக்கு மேல் பறந்து வலைக்குள் போயிற்று.

கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, பிரமுகர்கள் உட்காரும் வரிசையைப் பார்த்தேன். எல்லோரும் தலையில் கை வைத்திருந்தார்கள். தராசு மட்டும் எழுந்து நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோலை இல்லை, அத்தானை இல்லை. சிட்டுவை. சிட்டு இரண்டு காலிலும் நிற்கிறான் என்று உறுதியானதும் உட்கார்ந்துகொண்டார்.

உடை மாற்றும் அறைக்கு இறங்கிப் போனேன். அத்தானை மேஜையில் கிடத்திக் காலுக்குப் பலகை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார் அணி டாக்டர். அத்தான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "சரி, சரி" என்று மட்டும் சொன்னார். எதற்குச் சொன்னார் என்று தெரியாது. சிட்டு குளியலறை வாசலில் ஜெர்சியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். வாந்தி எடுத்திருந்தான்.

"அண்ணா, நான் என்ன பண்ணியிருக்கணும்?" என்றான் என்னிடம். "வீட்டுல மூணு தங்கச்சிங்க அண்ணா. இந்த ஒரு கையெழுத்துதான்."

ஓங்கி ஒன்று வைக்கலாம் என்றுதான் போனேன். முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. "வாயைக் கழுவு, போ" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் மேல் போக வேண்டிய கோபமும் சேர்ந்து தராசு மேல் ஏறிக்கொண்டது.

அவர் எனக்கு முன்னால் என் அறைக்கு வந்து காத்திருந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் கப்பில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நல்ல படமா வெட்டிக் குடு. இன்னிக்கு சிட்டு ஆடினது. அவங்க கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கணுமாம். நேரா அவங்களுக்கே அனுப்பிடு."

"கேப்டனோட முட்டி போயிடுச்சு சார்."

"கேள்விப்பட்டேன், பாவம். எப்படியும் ஒப்பந்தம் முடியுது, இல்லையா?" கப்பைக் கீழே வைத்தார். "சொன்னா தப்பா நினைக்காதே. மேல போகாததும் ஒரு வகையில நல்லதுக்குத்தான். போயிருந்தா எல்லாருக்கும் சம்பளம் ஏத்தணும். சிட்டுவை வேற விக்க முடியாது, ஜனம் சும்மா விடாது. இப்ப கையைக் கழுவின மாதிரி சுத்தமா முடிஞ்சுது." கதவருகில் போய்த் திரும்பினார். "அந்தக் காலை இழுத்துக்கிட்ட இடம் இருக்கே, அதை மட்டும் எடுத்துடு. அவங்க கண்ணுல பட வேணாம்."

அவர் போனதும் அந்தக் கப்பை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். என் பிறந்தநாளுக்கு அக்கா வாங்கிக் கொடுத்த கப். இனி அதில் வாய் வைக்க முடியாது.

பிறகு உட்கார்ந்து வெட்டினேன். அவர் எடுக்கச் சொன்ன இடத்தைத்தான் முதலில் வைத்தேன். வாங்குகிறவனுக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்று சிட்டுவின் காலைச் சுற்றி மஞ்சளில் ஒரு வட்டம் போட்டேன். கால் நீள்கிறது, நிற்கிறது, பின்னால் போகிறது. ஒருமுறை சாதாரண வேகத்தில். அப்புறம் மெதுவாக. அப்புறம் இன்னும் மெதுவாக, நத்தை நகர்கிற மாதிரி. பார்க்கிறவன் முகம் சுளிக்க வேண்டும், இந்தப் பயந்தாங்கொள்ளி எங்களுக்கு வேண்டாம் என்று விற்றவன் மூஞ்சியிலேயே விட்டெறிய வேண்டும். சிட்டுவின் மூன்று தங்கைகள் நினைவுக்கு வந்தார்கள். வந்தவர்களை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டுப் படத்தை அனுப்பினேன்.

காலையில் தராசு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று சட்டைப்பையில் அறைச் சாவியைத் தயாராகப் போட்டுக்கொண்டு போனேன். அவர் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. மறுமுனையில் வாங்குகிற கிளப்பின் ஆள்.

"படம் பார்த்தோம்" என்றது குரல். "ஆரம்பத்துலயே அந்த இடத்தை வெச்சிருக்கீங்க."

தராசு என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும்.

"பிரமாதம்" என்றது குரல். "இதைத்தான் சார் நாங்க தேடிக்கிட்டிருந்தோம். வேற பசங்க வெறி வந்தா காலை விட்டுடுவாங்க. அப்புறம் ஆறு மாசம் ஆஸ்பத்திரி, நஷ்டம் எங்களுக்கு. இவன் அவ்வளவு பெரிய ஆட்டத்துல, அரங்கமே கத்தறப்போ, காலைக் காப்பாத்தியிருக்கான். எவ்வளவு அடக்கம்! எங்க தலைவர் ரெண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டாச்சு."

தராசின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. பேசி முடித்துவிட்டு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். சத்தியமாகக் கட்டிக்கொண்டார். நல்ல விலையுள்ள வாசனைத் திரவியம். எனக்கு மூச்சு முட்டியது.

"என் உயிரே போச்சுடா ஒரு நிமிஷம்! என்ன மூளை உனக்கு! நான் மறைக்கப் பார்த்தேன், நீ அதையே எடுத்து வித்திருக்கே!"

வாயைத் திறந்து, நான் அதற்காகச் செய்யவில்லை என்று சொன்னேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தை அவர்களிடமிருந்து வாங்கிக் கிளப் வீரர்கள் எல்லோருடைய போனுக்கும் அனுப்பினார். கீழே ஒரு வரியும் எழுதினார்: 'தொழில் ஒழுக்கம் என்றால் இதுதான்.'

எல்லோருடைய போனுக்கும் என்றால், அத்தானுடைய போனுக்கும்தான்.

நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். கணினிப் பை முதுகில் இடிக்க, படியில் இரண்டிரண்டாக ஏறினேன். கதவைத் திறந்த அக்கா வா என்று சொல்லவில்லை. விலகி மட்டும் நின்றாள். அத்தான் சோபாவில் காலை நாற்காலியில் நீட்டி வைத்திருந்தார். முட்டி தலையணை அளவுக்கு வீங்கியிருந்தது. கையில் போன்.

"வா மச்சான்" என்றார். "உட்காரு."

"அத்தான், அது வந்து, தராசை மாட்டி விடத்தான்..."

"தெரியும். உன் கோபம் எனக்குத் தெரியாதா? நீ அவருக்கு நல்லது பண்ண நினைச்சிருக்க மாட்டே." போனை என் பக்கம் திருப்பினார். "ஆனா இங்க பாரு."

பார்த்தேன். நடுவில் மஞ்சள் வட்டம். வட்டத்துக்குள் சிட்டுவின் கால், சேதம் இல்லாமல் பின்னால் போகிறது. கீழே, மூலையில், வட்டத்துக்கு வெளியே, அத்தான் விழுகிறார். மறுபடியும் மெதுவாக விழுகிறார். மறுபடியும் இன்னும் மெதுவாக. முட்டி திரும்புவது தெளிவாகத் தெரிகிறது. முந்தின மாலை முழுக்க அந்தக் காட்சியை எத்தனையோ தடவை முன்னும் பின்னும் ஓட்டியிருக்கிறேன். என் கண் வட்டத்தை விட்டு வெளியே போகவே இல்லை.

"நேத்து விழறப்போ எனக்கு வலிதான் தெரிஞ்சுது" என்றார் அத்தான். "எப்படி விழுந்தேன்னு தெரியல. நீ மூணு தடவை விழ வெச்சிருக்கே."

"என்கிட்டயும் காட்டினார்" என்றாள் அக்கா. "நான் பாதியில எந்திரிச்சுட்டேன்."

அதுவரை தராசு மேல் வந்த அருவருப்பு அத்தனையும் திரும்பி வந்து என் மேலேயே உட்கார்ந்தது. அப்போது என் போன் அடித்தது. தராசு. எடுத்தேன். அந்த மனிதர் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

"ஒரு சின்ன வேலை. இதை நம்ம பயிற்சிப் பள்ளிப் பசங்களுக்கும் போட்டுக் காட்டப் போறேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கீழ மூலையில யாரோ ஒருத்தன் விழறான் பாரு, கால் கோணிக்கிட்டு. பார்க்க நல்லா இல்ல, பசங்க பயந்துடுவாங்க. அவனை மட்டும் வெட்டிடு."

"சார், அது யாருன்னு..."

"யாரா இருந்தா என்ன? வெட்டிட்டு அனுப்பு." வைத்துவிட்டார்.

அக்காவின் உதடு துடித்தது. நான் போனை வைத்துவிட்டு, முடியாது என்று சொல்லப் போகிறேன், இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்றேன்.

"வெட்டிடு மச்சான்" என்றார் அத்தான்.

"அத்தான்!"

"அவருக்காக இல்ல. வேலையை விடறதுன்னா வெட்டிட்டு விடு. அந்தப் பசங்க அதைப் பார்த்துச் சிரிக்கப் போறாங்க, இல்லாட்டி பயப்படப் போறாங்க. ரெண்டும் எனக்கு வேணாம். என்னை அதுல இருந்து எடுத்துடு."

அவர் பூட்ஸுக்கு நாடா கோத்த அதே மேஜையில் கணினியைத் திறந்தேன். பூட்ஸ் மேஜைக்கடியில் கிடந்தது, மண்ணோடு. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, கீழ் ஓரத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினேன். அத்தானின் கால் போயிற்று, இடுப்பு போயிற்று, நீட்டிய கை போயிற்று. வட்டம் மட்டும் நடுவில் அப்படியே நின்றது. அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான் அக்கா" என்றேன்.